உறைவுக்கும் அஞ்சக் கற்றுக்கொடுங்கள்: செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

தமிழ்நாட்டில் இதய அறுவை வார்டிலும் அதை ஒட்டிய தீவிர சிகிச்சைப் பிரிவிலுமாக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் நான். இரத்தம் உறைவதைப் பற்றியும் அந்த உறைவைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றியும் நம் செவிலியர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதை உங்கள் முன் வைக்க வேண்டும் என்று நெடுங்காலமாக எண்ணியிருந்தேன். உங்களிடம் கேட்பதற்கு முன் என் பிழையைச் சொல்லிவிடுவதே முறை.

நான் பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு அது. ஈரிதழ் வால்வு மாற்று அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்த, முப்பது வயதைச் சற்றே தாண்டிய பெண் ஒருவருக்கு இடக்கையில் உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று எங்களிடம் பம்ப் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ணித்தான் ஓட்டுவோம். ஹெப்பரின் ஓடும்போது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஏ.பி.டி.டி. பரிசோதனைக்கு அதிகாலை 4 மணிக்கு இரத்தம் எடுக்கப் போனேன். வலக்கையில் இரண்டு முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. அவர் வலியில் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல், மருந்து ஓடிக்கொண்டிருந்த இடக்கையிலேயே, ஊசி இருந்த இடத்துக்கு மேலாக எடுத்து அனுப்பிவிட்டேன். இரத்தம் உறையவே இல்லை என்று ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. பணியில் இருந்த மருத்துவர் ஹெப்பரினைச் சில மணி நேரம் நிறுத்தச் சொல்லி, பிறகு குறைந்த அளவில் தொடங்கச் சொன்னார். எந்தக் கையில் எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் ஓடும் மருந்து கலந்த இரத்தம் பொய் முடிவைத் தரும், அது சொல்ல வேண்டிய செய்தி என்பதே எனக்குத் தெரியாது. இரத்தக்கசிவு நேராமல் காத்துவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் அன்று காலை டியூட்டியை ஒப்படைத்தேன். மறுநாள் மதியம் அந்தப் பெண்ணின் வலக்கை விழுந்தது, பேச்சு குழறியது.

மூளைக்குப் போன அந்த உறைவு மருந்து நின்றிருந்த அந்தச் சில மணி நேரத்தில்தான் உருவாயிற்று என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேறொன்றை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஹெப்பரின் கூடிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு மூன்று ஆண்டுகள் கற்பித்திருந்தார்கள். ஹெப்பரின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் கற்பிக்கவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்பதே என் கவலை. உறைவெதிர்ப்பு மருந்து பெறும் ஒரு நோயாளிக்காக மாணவி எழுதும் பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஈறில் இரத்தம், கருத்த மலம், சிவந்த சிறுநீர், தோலில் கன்றிய திட்டு, மென்மையான பல்துலக்கி, அனைத்தும் ஒழுங்காக இருக்கும். அவை வேண்டியவைதாம், நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நோயாளிக்கு அந்த மருந்து எதற்காக எழுதப்பட்டதோ அந்த ஆபத்தை, அதாவது வால்வில் படியும் உறைவை, காலின் ஆழ்சிரையில் அடைக்கும் உறைவை, அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறும் உறைவைப் பற்றி அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இருக்காது. இதற்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். கசிவு கண்ணுக்குத் தெரியும். படுக்கை விரிப்பில் கறையாக நிற்கும். அன்றைய ஷிஃப்டில் யார் ஊசி போட்டார் என்ற கேள்வி எழும். உறைவோ இரண்டு நாள் கழித்து வேறொருவர் டியூட்டியில் வெளிப்படும், அப்போது அதை நோயின் மீது எழுதிவிடுவார்கள். ஆகவே ஐயம் வந்தால் மருந்தைக் கொடுக்காமல் விடுவதே பாதுகாப்பு என்று செவிலியரின் கை பழகிப்போகிறது. கொடுக்காமல் விடுவதும் ஒரு செயல்தான், அதற்கும் விளைவு உண்டு என்பதை வகுப்பறையிலேயே சொல்லியாக வேண்டும்.

முதலில் நாம் பயன்படுத்தும் சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘பிளட் தின்னர்’, ‘இரத்தத்தை இளக்கும் மாத்திரை’, ‘இரத்தம் நீர்க்கிற மருந்து’ என்று நோயாளியிடம் நாமே சொல்கிறோம். வார்ஃபரின் மாத்திரையோ ஹெப்பரின் ஊசியோ இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. அதன் அடர்த்தி அப்படியே இருக்கிறது. உறைவதற்கு எடுக்கும் நேரம்தான் நீள்கிறது. ‘எனக்கு ஏற்கெனவே இரத்தம் கம்மி, இதில் இன்னும் நீர்த்துப்போனால் என்ன ஆவது’ என்று இரத்தசோகை உள்ள பெண்கள் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திய கதைகளை நான் ஒன்றிரண்டல்ல, பல முறை கேட்டிருக்கிறேன். அந்த முடிவுக்கு அவர்கள் அறியாமை மட்டும் காரணம் அன்று. நாம் கொடுத்த சொல்லும் காரணம். அதேபோல், ஹெப்பரின் இருக்கும் கட்டியைக் கரைக்கிறது என்று நம் செவிலியர்களில் பலர் நம்புகிறார்கள். அது கரைப்பதில்லை. புதிதாக வளரவிடாமல் நிறுத்துகிறது. கரைக்கும் வேலையை உடல் தன் போக்கில் மெல்லச் செய்துகொள்கிறது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்றவையே கரைக்கும் மருந்துகள். இந்த வேறுபாடு தெரிந்த செவிலியருக்கு, ஊசி போட்டு இரண்டு நாளாகியும் கால் வீக்கம் வடியவில்லையே என்று கேட்கும் உறவினருக்கு என்ன பதில் சொல்வது என்பதும் தெரியும். அந்தக் காலை எண்ணெய் தடவி நீவிவிட வேண்டாம் என்று ஏன் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.

இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைவுக் காரணிகளை ரோமன் எண்களோடு வரிசையாக எழுதச் சொன்னால் நம் மாணவிகள் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆறாவது எண் கிடையாது என்பதுகூட அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஆழ்சிரை உறைவு கண்ட நோயாளிக்கு வார்ஃபரின் மாத்திரையையும் ஹெப்பரின் ஊசியையும் ஐந்து நாளாவது சேர்த்துக் கொடுப்பது ஏன் என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள். விடை அந்த எண்களுக்குள்ளேயேதான் இருக்கிறது. வார்ஃபரினும் நம் ஊரில் பெரிதும் எழுதப்படும் அசினோகூமராலும் வைட்டமின் கே-யை மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் நொதியைத் தடுக்கின்றன; அதனால் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய காரணிகளைக் கல்லீரல் முழுமையாகச் செய்ய முடியாமல் போகிறது. முன்பே செய்யப்பட்டு இரத்தத்தில் உலவுபவை தாமாகத் தேய்ந்து தீர வேண்டும். ஏழாம் காரணியின் அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேய ஆகும் நேரம், சுமார் 6 மணி நேரம். இரண்டாம் காரணியான புரோத்ராம்பினுக்கோ 60 மணி நேரத்துக்கும் மேல். மாத்திரை இரத்தம் உறையும் நேரத்தை எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் முதலில் ஏறுவது ஏழாம் காரணி தீர்வதால். நோயாளிக்கு உண்மையான காப்பு கிடைப்பது புரோத்ராம்பின் தீர்ந்த பிறகு. இதற்கிடையே, உறைவை இயல்பாகவே கட்டுப்படுத்தும் புரத சி-யும் அதே நொதியை நம்பி இருப்பதால் விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் சில நாட்களில் மாத்திரை மட்டும் கொடுத்தால் நோயாளி முன்பைவிடக் கூடுதலான உறைவு ஆபத்தில்கூட நிற்கலாம். ‘மூன்றாம் நாளே ஐ.என்.ஆர். 2 வந்துவிட்டதே, ஊசியை நிறுத்திவிடலாமா’ என்று இரவு நேரத்தில் வரும் கேள்விக்கு, ஐந்து நாள் ஆகவில்லை, 24 மணி நேரமாவது 2-க்கு மேல் நிற்கவும் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு செவிலியர் அந்த வார்டில் இருக்க வேண்டும். அவரை உருவாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

இப்பாடத்தை நடத்த நல்ல கதை ஒன்றும் கைவசம் உண்டு. என்னிடம் பயின்ற பிள்ளைகள் வேறெதை மறந்தாலும் இதை மறந்ததில்லை. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோலைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் பனிப்புயலுக்கு நடுவே, செத்த கிடாரியையும் கெட்டுப்போன வைக்கோலையும் பால் கேன் ஒன்றில் உறையாத இரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த வைக்கோலிலிருந்து உறைவைத் தடுக்கும் டைகூமரால் என்ற பொருளும், அதன் வழியே 1948-இல் எலி மருந்தாக வார்ஃபரினும் வந்தன. 1954-இல் அது மனிதருக்கான மருந்தாயிற்று. மாடு உடனே சாகவில்லை, தின்று பல நாள் கழித்துத்தான் செத்தது ஏன் என்று கேளுங்கள். மேலே சொன்ன 60 மணி நேரக் கணக்கை மாணவிகளே சொல்லிவிடுவார்கள்.

இனி என் பிழைக்கே திரும்புகிறேன். உறைவுப் பரிசோதனைக்கு இரத்தம் பிடிக்கும் நீல மூடிக் குழாயைப் பற்றி நம் பாடத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறோம்? அதில் உள்ள, இரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் திரவம் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு, 2.7 மில்லி அடையாளக் கோடு வரை நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுந்து, முடிவு பொய்யாக நீளும். ஹெப்பரின் ஓடும் கையிலோ அடைபடாமலிருக்க ஹெப்பரின் கொண்டு கழுவிய சிரைக் குழாய் வழியாகவோ எடுத்தாலும் அதே பொய். அந்தப் பொய் முடிவை நம்பி மருத்துவர் மருந்தைக் குறைப்பார். மருந்து ஓடும் கையில் எடுத்தது என்று ஆய்வகத்தில் இருப்பவருக்கோ மருத்துவருக்கோ தெரிய வழியே இல்லை. இரத்தம் எடுத்த செவிலியர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். பரிசோதனைச் சீட்டில் எந்தக் கையில், எத்தனை மணிக்கு எடுத்தது, அப்போது மருந்து எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதும் பழக்கம் எல்லா வார்டுகளிலும் வர வேண்டும். இதற்குப் புதிய பணியிடமோ கருவியோ தேவையில்லை.

ஹெப்பரின் கரைசலைத் தயாரிப்பதில் இருக்கும் ஆபத்து எதிர்த்திசையில் போகிறது, அதையும் மறைக்க விரும்பவில்லை. நம் நாட்டில் 5 மில்லி ஹெப்பரின் குப்பி இரண்டு வலிமைகளில் வருகிறது: ஒரு மில்லிக்கு 1,000 அலகு, ஒரு மில்லிக்கு 5,000 அலகு. குப்பியின் உருவமும் அளவும் ஒன்றுபோலவே இருக்கும். 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பச்சிளம் குழந்தைகளின் குழாயைக் கழுவ ஒரு மில்லிக்கு 10 அலகு குப்பிக்குப் பதிலாக 10,000 அலகு குப்பி எடுக்கப்பட்டு, மூன்று குழந்தைகள் இறந்தன. அந்தக் குப்பியைத் தவறான தட்டில் அடுக்கியது ஒரு கை; பெயரைப் படிக்காமல் நிறத்தை நம்பி எடுத்தவை வேறு கைகள். நம் வார்டுகளில் இதற்கு நிகரான கண்ணி வேறு ஒன்று இருக்கிறது. ஒரு வார்டில் 25,000 அலகை 500 மில்லியில் கலக்கிறார்கள். பக்கத்து தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே 25,000 அலகை 50 மில்லி சிரிஞ்சில் கலக்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 18 அலகு என்றால் 900 அலகு. முதல் கலவையில் அது மணிக்கு 18 மில்லி, இரண்டாவதில் 1.8 மில்லி. நோயாளி இடம் மாறும்போது புதிய சிரிஞ்சில் பழைய எண்ணைப் போட்டுவிட்டால் மணிக்கு 9,000 அலகு உள்ளே போகும். ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு கலவைதான் இருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர்களாகிய நீங்கள் ஆணையிட்டாலே இந்தக் கண்ணி அறுந்துவிடும். இரண்டாம் செவிலியர் சரிபார்ப்பதும் பெயருக்கு நடக்கக் கூடாது. முதல் செவிலியர் சொன்ன விடையைப் பார்த்துத் தலையசைப்பது சரிபார்ப்பாகாது, தனியே தாளில் கணக்குப் போட்டு இருவர் விடையும் ஒத்து வந்தால்தான் பம்பைத் தொட வேண்டும்.

டெங்கு நம் செவிலியர்களுக்கு ஒரு பாடத்தை ஆழமாகப் பதித்திருக்கிறது: தட்டணுக்கள் குறைந்தால் இரத்தம் கசியும். இந்தப் பாடம் ஹெப்பரின் வார்டில் நம்மைத் தவறான வழியில் அழைத்துப் போகும். ஹெப்பரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் தட்டணுக்கள் பாதியாகக் குறைந்தால், அது ஹெப்பரினுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளால் நேர்ந்திருக்கலாம். அந்நிலையில் ஆபத்து கசிவன்று, உறைவு. குறைந்து போகும் தட்டணுக்கள் அழிந்து மட்டும் போவதில்லை, தூண்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அப்போது ஓடும் ஹெப்பரினை மட்டுமல்ல, குழாயைக் கழுவும் சிறு ஹெப்பரினையும் நிறுத்தி, வேறு வகை உறைவெதிர்ப்பு மருந்துக்கு மாற வேண்டும். குழாய் கழுவும் ஹெப்பரின் மருந்துச் சீட்டில் பல இடங்களில் ஏறுவதே இல்லை. அது செவிலியரின் தட்டில் மட்டும் இருக்கும். எனவே அதை நிறுத்தத் தெரிந்தவரும் செவிலியராகவே இருந்தாக வேண்டும். ஐந்தாம் நாள் தட்டணு எண்ணிக்கையை முதல் நாள் எண்ணிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று போதும், இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு வந்துவிடும்.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனா வார்டுகளில் பணிபுரிந்த செவிலியர்கள் ஹெப்பரின் வகையைச் சேர்ந்த எனாக்சபாரின் ஊசியை ஒரு ஷிஃப்டில் எத்தனையெத்தனை பேருக்குப் போட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். கைக்குப் பழகிய ஊசியாகிவிட்டது. ஆனால் முன்நிரப்பிய சிரிஞ்சின் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது, தொப்புளிலிருந்து விலகி வயிற்றுத் தோலை மடித்துப் பிடித்து நேராகக் குத்த வேண்டும், எடுத்தபின் தேய்க்கக் கூடாது என்பவற்றைச் சொல்லிக்கொடுக்க அப்போது நேரமில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு அம்மருந்து உடலில் தேங்கும் என்பதும் பலருக்குச் சொல்லப்படவில்லை. அந்த நெருக்கடி முடிந்துவிட்டது, விடுபட்ட பாடம் இன்னும் விடுபட்டே இருக்கிறது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்: நோயாளி வீட்டுக்குப் போகும் நாள்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதாகி, இளவயதிலேயே உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பிறகு, ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் வால்வு எட்டும் விலைக்கு வந்தது. வால்வு எட்டியது, அதோடு வாழும் அறிவை நாம் எட்டச் செய்தோமா? புதிய மாத்திரைகள் வந்துவிட்டன, இனி ஐ.என்.ஆர். பார்க்கும் தொல்லை இல்லை என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ருமாட்டிக் இதயநோயோடு சீரற்ற துடிப்பும் உள்ளவர்களிடம் இன்னொரு புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய வகை மாத்திரையே இறப்பைக் குறைத்தது என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. நம் நோயாளிகளில் பெரும்பகுதியினர் இந்த இரு வகைகளில் ஏதேனும் ஒன்றில் அடங்குவர். ஆகவே ஐ.என்.ஆர். நோட்டும் ‘ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம்’ என்ற கணக்கும் நம்மோடு இன்னும் பல காலம் இருக்கப் போகின்றன.

24 வயதுப் பெண் ஒருவரை ஒரு மாலையில் மூச்சு வாங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். வால்வு மாற்றி இரண்டாண்டு ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பத்தியம் என்பதால் மற்ற மாத்திரைகளையெல்லாம் பதினைந்து நாள் நிறுத்தியிருக்கிறார். உடன் வந்த தாயார் என்னிடம் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: “பக்கத்துல படுத்தா கடிகாரம் மாதிரி டிக் டிக்னு கேக்கும் சிஸ்டர். ரெண்டு நாளா அந்தச் சத்தம் கேக்கல. சரி, உடம்பு சரியாயிடுச்சுபோலன்னு நெனச்சேன்.” வால்வின் ஒலி மங்கினால் உடனே ஓடிவர வேண்டும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அது மூடித் திறக்கும் ஒலி. அது நின்றால் உறைவு படிந்து தகடு அசையாமல் நிற்கிறது என்று பொருள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்து அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இரண்டாண்டுக்கு முன் வீட்டுக்கு அனுப்பியபோது அவர் கையில் கொடுத்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று வாங்கிப் பார்த்தேன். மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து வர வேண்டிய தேதி, அதன் கீழே ‘கீரை சாப்பிடக் கூடாது’.

கீரையைப் பற்றி நாம் சொல்வதும் திருந்த வேண்டும். முருங்கைக்கீரையிலும் அரைக்கீரையிலும் வைட்டமின் கே நிறைய இருப்பது உண்மை. ஆனால் ஏழை வீட்டில் இரும்புச்சத்துக்கு வேறு வழியே இல்லாத பெண்ணைக் கீரையே தொடாதே என்று சொல்வது சரியாகாது. வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்டு வந்தவர் அந்த இரண்டு நாளும் அதே அளவு சாப்பிடட்டும். அதற்கேற்ப மாத்திரை அளவு அமையும். ஒரு மாதம் அறவே விட்டு, அடுத்த மாதம் தினமும் சாப்பிடுவதுதான் ஐ.என்.ஆர்.-ஐ ஏற்றி இறக்கும். கீரையை அஞ்சச் சொல்லிக்கொடுத்த நாம், அதைவிடப் பன்மடங்கு அஞ்ச வேண்டியவற்றைச் சொல்லாமல் விடுகிறோம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் வால்வு மாத்திரை வேலை செய்வது வெகுவாகக் குறையும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டால் ஐ.என்.ஆர். எகிறும். உடம்பு வலி என்று தெருமுனை கிளினிக்கில் இடுப்பில் போடும் டைக்ளோபினாக் ஊசி, தசைக்குள்ளேயே இரத்தத்தைக் கட்டவைக்கும். இந்த மூன்றும் நம் மக்கள் அன்றாடம் சந்திப்பவை.

இன்னொன்று. ஆய்வகச் சீட்டில் ஐ.என்.ஆர்.-க்கு எதிரே இயல்பு அளவு 0.8 முதல் 1.2 வரை என்று அச்சிட்டிருக்கும். ஈரிதழ் உலோக வால்வு உள்ளவருக்கு வேண்டியது 2.5 முதல் 3.5 வரை. 3.0 என்று சரியாக வந்த முடிவு தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று வந்து நிற்க, அதைப் பார்த்த யாரோ ஒருவர் மாத்திரையை நிறுத்தச் சொல்ல, நோயாளியும் நிறுத்திவிட்டு வந்த நிகழ்வுகளை நான் பார்த்திருக்கிறேன். கசிவே இல்லாதபோது 5 என்று வந்த முடிவுக்குப் பதறி 10 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி போட்டதையும் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு பல நாட்களுக்கு எவ்வளவு மாத்திரை கொடுத்தாலும் ஐ.என்.ஆர். ஏறாமல், வால்வு காப்பின்றி நிற்கும். ஐ.என்.ஆர். நோட்டின் முதல் பக்கத்தில் ‘எனக்கு உலோக வால்வு இருக்கிறது, எனக்கு வேண்டிய அளவு இது, மாத்திரையை நிறுத்துமுன் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்’ என்று பெரிய தமிழ் எழுத்தில் செவிலியர் கைப்பட எழுதிக் கொடுத்தால், பல் பிடுங்கப் போகும் இடத்திலும் நோயாளிக்காக அந்த நோட்டே பேசும்.

இவற்றைச் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவரிடம் கேட்கப்படுவது ரசீதும் கோப்பும் படுக்கை காலியான நேரமும்தான். உறைவெதிர்ப்பு மருந்தோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதும், பேசியதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்பதும் ஒரு பணியாகப் பதிவேட்டில் ஏறட்டும். ஊசி போட்டதற்குக் கையெழுத்திடுவதுபோல இதற்கும் கையெழுத்திடட்டும். பதிவேட்டில் இடமில்லாத வேலைக்கு வார்டில் நேரம் கிடைக்காது என்பதை நீங்களும் என்னைப் போலவே அறிவீர்கள்.

அத்துடன், மருந்தைக் கொடுக்காமல் நிறுத்திவைக்கும் செவிலியர் கேஸ் ஷீட்டில் வெறும் வட்டமிட்டுவிட்டுப் போவதை அனுமதிக்காதீர்கள். ஏன் நிறுத்தினேன், யாரிடம் சொன்னேன், இதற்குப் பதிலாக என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்க வேண்டும். மறுநாள் அறுவைக்காக வாயால் எதுவும் வேண்டாம் என்று எழுதப்பட்ட நோயாளிக்கு மாத்திரை நின்றுபோய், அறுவை இரண்டு முறை தள்ளிப்போய், மூன்று நாள் எந்தக் காப்பும் இல்லாமல் படுத்திருந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அப்பிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புதிய மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களிடம் இது இன்னும் விரைவாகத் தீங்கு செய்யும். வார்ஃபரினின் வேகம் நாள் கணக்கில் தணியும், இவற்றின் காப்போ ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

என் பிழை எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. எந்தக் கையில் இரத்தம் எடுத்தேன் என்பதன் பொருள் இரண்டாண்டு கழித்து ஒரு பயிற்சி வகுப்பில்தான் எனக்கு விளங்கியது. அன்று என் வார்டு பொறுப்புச் சிஸ்டரிடம் போய்ச் சொன்னபோது, “வெளியே சொல்லிவிடாதே, வேலை போய்விடும்” என்றார். என் மீதுள்ள அக்கறையால்தான் அப்படிச் சொன்னார். அந்த அறிவுரையைக் கேட்டு நான் வாய்மூடி இருந்த காலத்தில் அதே வார்டில் வேறு எத்தனை பேர் மருந்து ஓடும் கையில் இரத்தம் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் பல ஆண்டுகள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். ஐ.என்.ஆர். நோட்டை இடக்கையால் நீட்டுவார். வலக்கை விரல்கள் மடங்காது. என்னைப் பார்த்தால் சிரிப்பார். அவரிடமும் நான் சொல்லவில்லை. மருந்துப் பிழையைத் தானாக முன்வந்து சொல்லும் செவிலியருக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் ஓர் உறுதியை, கண்காணிப்பாளர்களே, உங்கள் மருத்துவமனையில் வாங்கிக் கொடுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த தேர்வில் ‘ஹெப்பரினின் பக்கவிளைவுகளை எழுதுக’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, இதை வையுங்கள்: ‘ஈரிதழ் வால்வு மாற்றப்பட்ட நோயாளிக்கு இடக்கையில் ஹெப்பரின் ஓடுகிறது. அதிகாலை 4 மணிக்கு எடுத்த ஏ.பி.டி.டி. அளவு மீறி வந்திருக்கிறது. நோயாளியின் உடலில் எங்கும் கசிவு இல்லை. மருத்துவரை அழைக்குமுன் நீங்கள் எதையெல்லாம் சரிபார்ப்பீர்கள்? ஏன்?’ விடைத்தாளில் முதல் வரியாக எந்தக் கையில் இரத்தம் எடுத்தார்கள் என்று விசாரிப்பேன் என்று எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்